நெட்டையின் தாடை

பிப்ரவரி 4

வருங்கால ஆபீசரம்மாவின் பூட்ஸ் காலடிக்கு, கறிக்கடை அண்ணன் எழுதுவது.

நீ எறிந்துவிட்டுப் போன எடைக்கல் நலம். என் மண்டையும் ஏறக்குறைய நலம். தையல் போட்ட கம்பவுண்டர், "யாருங்க இவ்வளவு குறி பார்த்து அடிச்சது?" என்று கேட்டான். "தங்கச்சிதான். ராணுவத்துல ஆபீசராகப் போறா" என்றேன். "எதிரி செத்தான்" என்று சொல்லிக்கொண்டே ஊசியை இழுத்தான் பார், அப்போதுதான் உன்மேல் எனக்குக் கோபமே வந்தது. அதுவரை இல்லை.

சம்பந்தம் பேச வந்தவர்களிடம், "அவ பட்டாளத்துக்கெல்லாம் போகமாட்டா, சும்மா விளையாட்டுக்கு எழுதிப் போட்டிருக்கா" என்று நான் சொன்னது தப்பு என்றே வைத்துக்கொள். அதற்கு அரைக் கிலோக் கல் போதாதா? எல்லாக் கல்லும் வரிசையாக இருக்கும்போது இரண்டு கிலோவைத் தேடி எடுத்திருக்கிறாயே! குறைத்து நிறுக்கும் பழக்கம் நம் கடையில் கிடையாது என்பதை இப்படியா நிரூபிப்பது?

முகாமில் போனைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்களாம், கடிதம் மட்டும்தான் போகுமாம். உன் பழைய ஆபீஸ் தோழி அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனாள். அதனால்தான் இந்தத் தண்டனை எனக்கு. நாலாம் வகுப்போடு வாத்தியாருக்கு விடுதலை கொடுத்தவன் நான். பிழை இருந்தால் சிரித்துக்கொள், திருப்பி அனுப்பாதே.

இங்கே விசேஷம் ஒன்றுதான். மீன்கடைக்காரன் கழுவின தண்ணீரை மறுபடியும் நம் பக்கம் தள்ளினான். கேட்டேன். மீனால் முகத்தில் அடித்தான். பெரிய மீன். கண்ணுக்குள் செதில். கையில் இருந்தது ஆட்டுத்தொடை, அதனாலேயே ஒரு போடு போட்டேன். அவனுக்கு ஒரு பல் போச்சு. உன் அண்ணி ஓடி வந்து முதலில் தொடையைத்தான் தூக்கினாள். கழுவி, நிறுத்து, விற்றும் விட்டாள்.

நீ எப்படி இருக்கிறாய்? அடிக்கிறாயா, அடி வாங்குகிறாயா?

அண்ணன்

பிப்ரவரி 12

அண்ணனுக்கு,

கல் எறிந்ததற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். தையல் பிரித்தாயிற்றா என்று மட்டும் எழுது.

உனக்கு எத்தனை முறை சொன்னாலும் ஏறாது, இருந்தாலும் எழுதுகிறேன். இது எனக்குக் கடைசி வாய்ப்பு. வயது வரம்பு இந்தத் தடவையோடு முடிகிறது. தேர்வில் தேறிவிட்டேன். ஆனால் இந்த முகாமில் 'தகுதி' என்று எழுதிக் கொடுத்தால்தான் அதிகாரிப் பயிற்சிக்குள் விடுவார்கள். அது குறுகிய காலப் பயிற்சி. "அங்க உங்களை அடிச்சுப் பழக்க நேரமில்லை. இங்கயே வாங்கிட்டுப் போயிடணும்" என்பார் எங்கள் பயிற்சியாளர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் இரும்பு. சிரித்தால்கூடத் துருப்பிடித்த கதவு திறப்பது போல்தான் கேட்கும்.

மணல் மூட்டையைச் சுமந்துகொண்டு மேடு ஏறி ஓடுகிறோம். வாந்தி எடுப்பவள் எடுத்துக்கொண்டே ஓட வேண்டும். நின்றால் பிரம்பு. புது பூட்ஸ் என் குதிகாலைத் தின்றுவிட்டது. பக்கத்துக் கட்டில்காரி ஒருத்தி இருக்கிறாள், நெட்டை என்று கூப்பிடுகிறோம். அப்பா லாரிகள் வைத்திருக்கிறார். பணக்கார வீட்டுப் பெண், ஆனால் என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக் கொப்புளத்தை ஊசியால் குத்தி நீரை எடுத்துவிட்டுத்தான் தூங்கப் போவாள். "கத்தாதடி, இதுக்கே கத்தினா நாளைக்குச் சுடும்போது என்ன பண்ணுவே?" என்பாள்.

சனிக்கிழமைதோறும் குத்துச்சண்டை. அதிகாரிப் பயிற்சிக்குப் போனதும் முதல் வாரமே மேடையேற்றுவார்களாம். நான் இரண்டு முறையும் தோற்றேன். கை ஓங்கும்போது கண் தானாக மூடிக்கொள்கிறது. போன சனிக்கிழமை இரும்பு எல்லோர் முன்னாலும் என்னை அறைந்து, "கறிக்கடைக்காரன் வீட்டுப் பொண்ணுன்னு சொன்னாங்க. காய்கறிக்கடையா?" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். நெட்டை சிரிக்கவில்லை.

இன்னொரு முறை தோற்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். உனக்குச் சந்தோஷமாக இருக்குமே.

தங்கை

பிப்ரவரி 20

காய்கறிக்கடைக்காரிக்கு,

இரும்பு பேசின பேச்சை அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்துத் தராசைக் கவிழ்த்துவிட்டாள். பிறகு, "என் நாத்தனாரை அறைய அவன் யாரு?" என்று கத்தியைத் தீட்ட ஆரம்பித்தாள். அவளை அனுப்பட்டுமா? போகிற வழியில் எல்லைத் தகராறு ஏதாவது இருந்தால் அதையும் முடித்துவிட்டு வருவாள்.

சந்தோஷமாக இருக்குமாம். போடி இவளே. நீ தோற்று வந்தால் எனக்கு என்ன லாபம்? எடைக்கல்தான் பறக்கும்.

கண்ணை மூடிக்கொண்டு குத்துகிறவளை உலகத்திலேயே முதல்முறையாகக் கேள்விப்படுகிறேன். கும்பிடப் போனாயா, குத்தப் போனாயா? கடையில் நின்றபோது உனக்குக் கண் மூடியதே இல்லையே. எட்டு வயதில் பலகைமேல் ஏறி நின்று, முரட்டுக் கிடாவின் கன்னத்தில் இடது உள்ளங்கையை வைப்பாய். திமிறிக்கொண்டு வந்தது அப்படியே அடங்கும். கண் சொருகும். தலைப் பாரத்தை உன் கையில் கொடுத்துவிட்டு நிற்கும். அந்த ஒரு நொடி போதும் எனக்கு. சந்தையில் வேறு எந்தக் கடையிலும் அப்படி ஒரு கை கிடையாது. மற்றக் கடைகளில் ஆடு கத்துகிற சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். நம் கடையில் கத்தி தீட்டுகிற சத்தம் மட்டும்தான்.

அதனால் என் யோசனை: எதிரில் வருகிறவளையும் கன்னத்தில் ஒரு தடவு தடவிக் கொடு. கிறங்கி நிற்பாள். அப்புறம் போடு ஒன்று. இரும்பு உருகி ஓடட்டும்.

தையல் பிரித்தாயிற்று. அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. மீன்கடைக்காரன் அதைப் பார்த்துச் சிரிக்கிறான், நான் அவன் ஓட்டைப் பல்லைப் பார்த்துச் சிரிக்கிறேன். சமாதானம் மாதிரிதான்.

அண்ணன்

மார்ச் 2

அண்ணே,

நெட்டையின் தாடை உடைந்துவிட்டது. நான்தான் உடைத்தேன்.

நேற்று அவளையே எனக்கு எதிரில் நிறுத்தினார் இரும்பு. ஒரே அறைக்காரிகள் ஒருவரையொருவர் அடிக்கப் பழக வேண்டுமாம். கையுறைகள் பழசு, உள்ளே பஞ்சே கிடையாது. முதல் சுற்றில் அவள் மெல்லத்தான் குத்தினாள். எனக்கு வலிக்காத மாதிரி, பார்க்கிறவர்களுக்கு அடிக்கிற மாதிரி. "கண்ணைத் திறடி" என்று கிசுகிசுத்தாள். இரும்பு அதைக் கண்டுபிடித்துவிட்டு, பிரம்பால் அவள் முழங்காலுக்குப் பின்னால் அடித்தார். அதன் பிறகு அவள் நிஜமாகவே குத்தினாள். என் உதடு கிழிந்தது. மூக்கில் ரத்தம் வாய்க்குள் இறங்கியது. கயிற்றில் சாய்ந்தேன். இன்னொன்று விழுந்தால் விழுந்துவிடுவேன், விழுந்தால் வீடு.

அப்போது என் இடது கை போய் அவள் கன்னத்தில் படிந்தது. நான் நினைத்துச் செய்யவில்லை. நீ எழுதியிருந்தாயே என்றும் செய்யவில்லை. கை அதுவாகப் போனது. நான் போதும் என்கிறேன் என்று அவள் நினைத்திருப்பாள். கையை இறக்கினாள். முகத்தை என் உள்ளங்கையில் கொடுத்தாள், அண்ணே. பாரம் தெரிந்தது. கடையில் அந்த நொடியில் உன் வலது கை வரும். இங்கே நீ இல்லை. என் வலது கையே வந்தது.

நீ எலும்பை வெட்டும்போது பச்சைக் குச்சி முறிவது போல ஒரு சத்தம் வருமே, அதேதான். தாடை ஒரு பக்கமாகப் போய் நின்றது. ஒரு பல் என் காலடியில் கிடந்தது. அவள் கத்தவில்லை. கத்த வாய் மூட வேண்டும் போலிருக்கிறது.

கண் திறந்துதான் இருந்தது எனக்கு. எல்லாவற்றையும் பார்த்தேன்.

இரும்பு கை தட்டினார். "இதுதான் ஆபீசர்! பார்த்துக்குங்கடி" என்றார்.

அவள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அவள் அப்பா வந்துவிட்டார். கையை இறக்கி நின்றவளை நான் ஏமாற்றி அடித்தேன், அத்தனை பேரும் சாட்சி, போலீசுக்குப் போகிறேன் என்கிறார். வழக்குப் பதிவானால் எனக்கு அதிகாரிப் பயிற்சி கிடையாது. அது நியாயம்தான் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. இன்னொரு நேரம், இத்தனை அடியும் எதற்கு வாங்கினேன் என்று பல்லைக் கடிக்கிறேன்.

நீ ஒன்றும் செய்யாதே. யாரையும் போய்ப் பார்க்காதே.

தங்கை

மார்ச் 11

ஆபீசரம்மா,

கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறதே என்று பார்க்காதே. இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் கத்தி சறுக்கிச் சின்ன வெட்டு. நாலாம் வகுப்பில் வலது கையால் எழுதினபோதும் வாத்தியார் இதையேதான் சொன்னார், ஆகவே பெரிய நஷ்டம் இல்லை.

நல்ல சேதி. லாரிக்காரரைப் போய்ப் பார்த்தேன். நீ பார்க்காதே என்று எழுதின கடிதம் நான் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் கண்ணில் பட்டது என்று வைத்துக்கொள். நல்ல மனுஷர். லாரி ஷெட்டுக்குள் உட்காரவைத்துப் பேசினார். இரண்டு பிள்ளைகள், கதவு மாதிரி இருக்கிறார்கள். புகார் கொடுக்கமாட்டார். பேசி முடித்தாயிற்று. நீ மேடு ஏறி ஓடுகிற வேலையைப் பார்.

அந்தப் பெண்ணுக்குத் தாடையில் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்களாம். போய்ப் பார். கையை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டு போ.

கடை கொஞ்ச நாள் மூடியிருக்கும். ஆடுகளெல்லாம் எனக்கு மாலை போடலாமா என்று கூடிப் பேசுகின்றன.

அண்ணன்

மார்ச் 19

நீ பொய் சொன்னாய்.

உன் கத்தி என்றைக்குச் சறுக்கியது? என் ஆயுசில் நான் பார்த்ததில்லை. நெட்டையைப் பார்க்கப் போனேன். பல்லைக் கடித்தபடி, கம்பிக்குள்ளிருந்து சொல்லுக்குச் சொல் நின்று பேசினாள். முதல் வார்த்தையே, "உங்கண்ணன் கை எப்படிடி இருக்கு?"

ஷெட்டில் நடந்ததை அவள் தம்பி பெருமையாக வந்து அவளிடம் சொல்லியிருக்கிறான். அவள் அப்பா உன்னிடம், "என் பொண்ணை அடிச்சது எந்தக் கை?" என்று கேட்டாராம். நீ உன் வலது கையைக் காட்டி, "இதுதாங்க" என்றாயாம். "விளையாடறியா? அடிச்சது உன் தங்கச்சி" என்றாராம். "கடைக்கு வந்து கேட்டுப் பாருங்க. எங்க வீட்ல இடது கை அவளோடது, வலது கை என்னோடது" என்றாயாம். லாரியின் பின்கதவைத் தூக்கச் சொல்லி, நீயே கையை அது வந்து விழும் பலகை விளிம்பில் நீட்டி வைத்தாயாம். "கட்டை விரலை மட்டும் விட்டுடுங்க, வெத்தலை போடணும்" என்று கேட்டாயாம். இரண்டு பிள்ளைகளும் சிரித்துவிட்டார்களாம். கதவைத் தாங்கின கொக்கியை அவர் விட்டாராம். கதவு விழுந்தும் கத்தாமல் நீ சிரித்தாயாம். சிரித்தபடியே கீழே விழுந்தாயாம்.

யார் கேட்டது உன்னை? அடித்தது நான். எனக்கு விழ வேண்டியதை நீ எப்படி வாங்கலாம்? நான் எழுதின ஒரு வரியை எடுத்துக்கொண்டுபோய் இப்படியா அர்த்தம் பண்ணுவாய், முட்டாள்? இனி எந்தக் கையால் வெட்டுவாய்? அண்ணி என்ன செய்வாள்?

விலகல் மனு எழுதி வைத்துவிட்டேன். நாளை கொடுக்கிறேன். "வெளியே போனா திரும்ப இடமில்லை" என்றார் இரும்பு. வேண்டாம். முதலில் லாரி ஷெட்டுக்குப் போவேன். அவர் கொடுத்ததை அப்படியே அவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு கடைக்கு வந்து நிற்பேன். கத்தி பிடிக்க எனக்குத் தெரியும். ராத்திரி கண்ணை மூடினால் அவர் விரல்கள்தான் வரிசையாகத் தெரிகின்றன.

மார்ச் 25

தங்கச்சி,

மனுவைக் கொடுக்காதே. கொடுத்திருந்தால் திருப்பி வாங்கு. கிழித்துத் தின்னு.

நீ இங்கே வந்து இறங்கினால் இடது கையால் ஒரு அறை கிடைக்கும். தினமும் தலையணையில் அடித்துப் பழகுகிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான் சிரித்தேன் என்றாள் அல்லவா அந்தப் பெண்? மிச்சத்தை அவள் தம்பி சொல்லியிருக்கமாட்டான், அவனுக்குத் தெரியாது. கத்தி என் இடுப்பில் இருந்தது. எலும்பு வெட்டுகிறது இல்லை, மெல்லிசானது. லாரிக்காரர் கொக்கியை எடுக்கக் குனிந்தார். வலது கை பலகைமேல், இடது கை சும்மா. அவர் கழுத்து என் இடுப்பு உயரத்தில், ஒரு முழத்தில். சட்டைக் காலருக்கு மேலே துடிக்கிற இடம் தெரிந்தது. எங்கே வைத்தால் சத்தம் வராது என்று என்னைவிட அந்தச் சந்தையில் யாருக்குத் தெரியும்? இடது கை இடுப்புக்குப் போய்விட்டது. பிடியைத் தொட்டுவிட்டேன். வெத்தலை ஜோக்கெல்லாம் அப்போது சொன்னதுதான். பேசினால் கை நிற்குமே என்று பேசினேன்.

ஜெயிலில் இருக்கிறவன் தங்கச்சியை எந்தப் பட்டாளம் சேர்க்கும்? அது ஒன்றுதான் மனசில் ஓடியது. கதவு விழுந்தது. விழுந்த பிறகும் ஒரு நொடி அந்தக் கழுத்து அங்கேயேதான் இருந்தது. அந்த நொடியைத்தான் இன்னும் நான் தாண்டவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அண்ணிக்கு எழுதாதே.

இவ்வளவும் செய்து நிறுத்தின காரியத்தை நீ ஒரு காகிதத்தில் எழுதி முடித்துவிட்டு வருவாயா? அப்படியென்றால் அன்றைக்கே குத்தியிருப்பேனே. ஒரு திருப்தியாவது மிஞ்சியிருக்கும்.

கை விஷயம்: நடுவிரலும் மோதிர விரலும் மடங்காது என்கிறார் டாக்டர். மோதிரம் யாரும் போடவில்லை, போகட்டும். கடையைத் திறந்துவிட்டோம். வெட்டுவது யார் தெரியுமா? நம் ஓட்டைப்பல் மீன்கடைக்காரன். தானாக வந்து, "தள்ளுய்யா" என்று கத்தியை வாங்கிக்கொண்டான். ஆட்டுத்தொடைக்குச் செதில் சீவுகிறான். அண்ணி தராசுத் தட்டால் அவன் தலையில் அடித்து அடித்துத் தொழில் சொல்லிக் கொடுக்கிறாள். வாங்க வருகிறவர்கள் வேடிக்கை பார்க்கவே சீக்கிரம் வருகிறார்கள்.

ஓடு. குத்து. வராதே.

அண்ணன்

ஏப்ரல் 6

அண்ணே,

மனுவைக் கொடுக்கவும் இல்லை, தின்னவும் இல்லை. அடுப்பில் போட்டேன்.

கடைசிச் சண்டை சனிக்கிழமை முடிந்தது. அதற்குள் முகாம் முழுக்க என் இடது கைக்குப் பயந்திருந்தார்கள். சாப்பாட்டு வரிசையில் தட்டை நீட்டினால்கூட முன்னால் நிற்பவள் விலகுவாள். மேடையேறும்போது இரும்பு, "அந்தக் கை வேலையை இன்னொரு தடவை காட்டு. இவளுங்க கத்துக்கட்டும்" என்றார். நான் இடது கையை முட்டி மடக்கித் தாடையோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். கடைசிவரை திறக்கவில்லை. எதிரில் நின்றவள் என் தோளுக்குத்தான் இருப்பாள். ஆனால் அடி இடி மாதிரி விழுந்தது. புருவம் பிளந்தது, விலா எலும்பில் இரண்டு விரிசல். இரண்டு தடவை விழுந்தேன், இரண்டு தடவையும் எழுந்தேன். மணி அடிக்கும்போது நின்றுகொண்டிருந்தேன்.

"ஏன் அடிக்கலை?" என்று கேட்டார் இரும்பு.

"அடிச்சேன் சார். பட்டதுதான் கம்மி."

துருப்பிடித்த கதவு திறந்தது. 'தகுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இன்று காலை எல்லோரும் புறப்படும் நேரத்தில் நெட்டை தன் பெட்டியை எடுத்துப் போக வந்தாள். கம்பியை எடுத்துவிட்டார்கள். முகம் ஒரு பக்கம் சற்றுக் கோணிவிட்டது. அவளுக்கு வயது இருக்கிறது, அடுத்த தடவை வருவாளாம். கூட அவள் அப்பா. அவரை இன்றுதான் முதன்முதலில் பக்கத்தில் பார்த்தேன். வியர்வைத் துண்டும் தொப்பையுமாகச் சாதாரணமாக இருக்கிறார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வலது கையை நீட்டினார். "நடந்தது நடந்துபோச்சும்மா. நல்லா வரணும். கை குடு" என்றார்.

கொடுத்தேன்.

கயிறு ஏறி ஏறி என் பிடி இப்போது எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. இறுக்கினேன். சிரித்துக்கொண்டே இழுத்துப் பார்த்தார். வரவில்லை. இன்னும் இறுக்கினேன். உள்ளே எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது தெரிந்தது. அவர் முகம் வெளுத்து, முழங்கால் மடிந்து, "அம்மா, அம்மா" என்றார். என்னைக் கூப்பிட்டாரா, தன் தாயைக் கூப்பிட்டாரா, தெரியவில்லை. படியில் இரும்பு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்ட காகிதம் என் சட்டைப் பையில் இருந்தது. அடிக்கக் கூடாது என்று நினைவிருந்தது. உன் கை நினைவிருந்தது. இரண்டில் எது என் விரல்களுக்குக் கேட்டது என்று சொல்லமாட்டேன். உனக்கே தெரியும்.

நெட்டை கிட்டே வந்தாள். என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. கோணின வாயால் மெல்லச் சொன்னாள்: "விடுடி. அது எங்கப்பா."

விட்டேன்.

அவர் அந்தக் கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். பெட்டியைத் தூக்க ஆளில்லை. நெட்டை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். விலா வலிக்க வலிக்க மறுபக்கத்தை நான் பிடித்தேன். இரண்டு பேரும் அதைக் கொண்டுபோய் லாரியில் ஏற்றினோம்.

பிறகு எங்கள் பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

தங்கை